பள்ளியை மூடும் உத்தரவில் சாப்பாடும் இருக்கட்டும்: கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொரோனா காலம் முழுக்கப் பணியில் இருந்தேன். எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், இன்று அங்கே நாற்காலியில் இருப்பவரைக் குறை சொன்னதாகிவிடும். அவர் அன்று அங்கே இல்லை. வட மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். செங்கல் சூளைக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் பாதி ஊர் போய்த் திரும்புகிற பகுதி.

கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த முறை ஏதோ ஒரு தொற்றுக்காகப் பள்ளிகளை மூடச் சொல்லி நீங்கள் கையெழுத்துப் போடும்போது, பிள்ளைகளின் வீட்டுக்கு என்ன போகும், எந்தத் தேதியில் போகும், யார் கொண்டுபோவார் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அதற்கான நிலையாணையை இப்போதே, பள்ளிகள் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதே, எழுதி வையுங்கள்.

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று நினைக்கலாம். 2023 மார்ச்சில் பக்கத்துப் புதுச்சேரியில் காய்ச்சல் பரவியது என்று 16-ஆம் தேதி முதல் 26 வரை எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிகளை மூடினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நிபா வந்து கோழிக்கோட்டில் பள்ளிகள் மூடின. டிசம்பரில் சென்னையையும், பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலியையும் வெள்ளம் மூழ்கடித்தபோது பள்ளிக் கதவுகள் நாள்கணக்கில் திறக்கவில்லை. மூடுவது நமக்குப் பழகிவிட்டது. மூடிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க ஆரம்பிக்கிறோம்.

2020-இல் நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். மார்ச் 17 முதல் மாநிலத்தில் எல்லாப் பள்ளிகளும் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறக்குறைய 19 மாதம். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை, நடுவில் இரண்டாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததே தெரியாமல், மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

அந்த 19 மாதம் பாடத்துக்கு என்ன ஆயிற்று என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் முதலில் சோற்றைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைய முதல் சாப்பாடே மதியம்தான்.

மாநிலத்தில் சுமார் 43,000 சத்துணவு மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சமையற்கூடம், அமைப்பாளர், சமையலர், உதவியாளர், பொருள் வைக்க ஒரு அறை. அமைப்பாளர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 1982-இலிருந்து இப்படி ஊர் ஊராகக் கட்டி வளர்த்த ஓர் ஏற்பாடு, பிள்ளைகளுக்கு அது அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில் பூட்டிக் கிடந்தது. உச்ச நீதிமன்றம் மார்ச் 18 அன்றே தானாக முன்வந்து, மதிய உணவுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று மாநிலங்களைக் கேட்டது. இரண்டு நாளில் மத்திய அரசும், சமைத்த உணவாகவோ, அதற்கு ஈடான தானியமும் சமையல் செலவுமான உணவுப் பாதுகாப்புப் படியாகவோ கொடுங்கள் என்று எழுதியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு உலர் பொருள் வந்து சேர்ந்தது பல மாதம் கழித்து, அதுவும் மே மாதக் கணக்குக்கு. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 3.1 கிலோ அரிசி, 1.2 கிலோ பருப்பு. ஆறு முதல் எட்டு வரை 4.65 கிலோ அரிசி, 1.25 கிலோ பருப்பு. அரிசி, நாளுக்கு 100 கிராம், 150 கிராம் என்ற அளவை மே மாதத்தின் 31 நாளால் பெருக்கி எடுத்த கணக்கு. கணக்கில் பிழையே இல்லை, பசித்த மாதத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

முட்டை கதை இன்னும் மோசம். அந்த மார்ச்சில் கோழியால் கொரோனா வரும் என்ற வதந்தியில் நாமக்கல்லில் முட்டை வாங்க ஆளில்லாமல் விலை சரிந்து கிடந்தது. வாரம் ஐந்து முட்டை சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் முட்டையே இல்லாமல் இருந்தார்கள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், ஏன் கொடுக்க முடியாது என்று நீதிபதிகள் கேட்க வேண்டியிருந்தது. ஒரு பிள்ளையின் முட்டைக்கு ஏன் பொதுநல வழக்குப் போட வேண்டும்?

ரேஷனில்தான் அரிசி கொடுத்தோமே என்பார்கள். உண்மைதான். ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அது பல வீடுகளைக் காப்பாற்றியது. ஆனால் வீட்டுக்கு வரும் அரிசி வீட்டு ஒழுங்குப்படிதான் பங்காகும். வேலை போய் ஊர் திரும்பிய ஆண்கள், மாமனார், மாமியார், பிறகு பிள்ளைகள், கடைசியில் பெற்றவள். பள்ளியில் தட்டு பிள்ளையின் கையில் இருக்கும், அதில் விழும் முட்டை அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். அந்தப் பங்கைத்தான் நாம் நிறுத்தினோம்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று அந்த நாட்களில் நான் கேட்ட இடங்களில் எல்லாம் ஒரே பதில்தான் வந்தது: "அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லைங்க மேடம்." பொய்யில்லை. பள்ளி பள்ளிக் கல்வித் துறையுடையது. சத்துணவு சமூக நலத் துறையுடையது. மாவட்டத்தில் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு) பார்ப்பார், ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஒரு பிரிவு பார்க்கும். அரிசி நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து வரும். முட்டை ஒப்பந்ததாரரிடமிருந்து. பள்ளி நடக்கும்போது இந்த நால்வரையும் சேர்த்து வைப்பது மதியம் பன்னிரண்டரை மணி அடிக்கும் மணி. அது நின்றதும் நால்வரும் அவரவர் கோப்போடு அவரவர் மேசைக்குப் போய்விட்டார்கள்.

இன்றைய நிலைமையோ இன்னும் சிக்கலானது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. நல்ல திட்டம். முதல் பாடவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தவளாகச் சொல்கிறேன், மிக நல்ல திட்டம். ஆனால் நாளைக்குப் பள்ளியை மூடினால் ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை நிற்கும். காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர்; அவர்கள் இன்னொரு வரிசையில் வருபவர்கள். நான்கு மேசை ஐந்தாகிவிட்டது.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது, நீங்கள் அறிந்ததுதான். 2015-ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள், ஏதாவது காரணத்தால் பள்ளி நாளில் உணவு தரவில்லை என்றால் தானியத்தையும் சமையல் செலவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கின்றன. பள்ளியே மூடிவிட்டால்? அது பள்ளி நாளே இல்லையே என்று சொல்லிவிட இடமிருக்கிறது. உங்கள் நிலையாணையின் முதல் வரி இந்த இடத்தை அடைக்கட்டும்: தொற்றாலோ பேரிடராலோ மூடப்படும் ஒவ்வொரு வேலைநாளும் உணவுக் கணக்குக்குப் பள்ளி நாளே.

மாதக்கடைசி வரை காத்திருக்கவும் வேண்டாம். மூடிய முதல் வாரத்துக்குள் முதல் பை போக வேண்டும். நோய் பரவும் பயத்தில் எப்படிக் கூட்டம் சேர்ப்பது என்று கேட்பீர்கள். அந்த ஏப்ரலிலேயே ரேஷன் கடைகள் டோக்கன் கொடுத்து, தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, தெருத் தெருவாக நேரம் பிரித்து லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் பொருள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. இருநூறு பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளிக்கு அது எம்மாத்திரம்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் 2020 மார்ச் 16 அன்று பள்ளிகளை மூடியது. 18-ஆம் தேதி காலை, ஊரெங்கும் சுமார் அறுபது மையங்களில் மேசை போட்டு உணவுப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறதா, அடையாள அட்டை எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டுக்குள் 10 கோடிக்கும் மேல் உணவு கொடுத்துவிட்டார்கள். அந்த மாவட்டத்துக்கு அப்போது மதிய உணவில் நம் அளவுக்கு அனுபவம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கியது 1920-இல். அவர்களிடம் இருந்தது வேறு: பள்ளியும் சமையற்கூடமும் லாரியும் பணமும் ஒரே அலுவலகத்தின் கையில் இருந்தன, அந்த அலுவலகத்தின் தலைவருக்கு முடிவெடுக்க அதிகாரம் இருந்தது. உங்கள் மாவட்டத்தில் அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மூடிய அன்று முதல் சத்துணவு, காலை உணவு, கிடங்கு, கல்வி ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அது முதன்மைக் கல்வி அலுவலராக இருந்தாலும் சரி, ஆட்சியரின் நேர்முக உதவியாளராக இருந்தாலும் சரி. பெயரும் கைப்பேசி எண்ணும் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் இருக்கட்டும்.

இடம்பெயரும் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். உலர் பொருள் வந்த அன்று எங்கள் பள்ளியில் சில பைகள் வாங்க ஆளில்லாமல் நின்றுவிட்டன. அவர்கள் திருவள்ளூர்ப் பக்கம் சூளையில் இருந்தார்கள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் கொடுக்க எனக்கு அனுமதியில்லை, அங்கே இருக்கும் பள்ளிக்கோ அந்தப் பிள்ளையை யாரென்று தெரியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக் கல்வித் துறை கொடுத்திருக்கும் எமிஸ் எண் எதற்காக இருக்கிறது? வருகைப்பதிவு, விலையில்லாச் செருப்பு, புத்தகப்பை என்று எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்கிறீர்கள். பிள்ளை எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊர்ப் பள்ளியில் அதன் பங்கு கிடைக்க அதே எண்ணைப் பயன்படுத்த வேண்டும். ரேஷன் அட்டையை நாட்டின் எந்தக் கடையிலும் காட்டலாம் என்று ஆக்கியபோது பள்ளிப் பிள்ளையின் அரிசியை மட்டும் ஒரே ஊரில் ஏன் கட்டிப்போட வேண்டும்?

பாடத்துக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அந்தக் காலத்தில் கையில் இருந்தது நம் அதிர்ஷ்டம். பாடங்களை எடுத்த ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பு, ஒரே டிவி. அப்பா வீட்டில் இருக்கிறார், செய்தி பார்க்கிறார். பாட்டிக்குச் சீரியல். மின்சாரம் போனால் அந்தப் பாடம் போனதுதான். டிவியில் பேசும் ஆசிரியையிடம் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கவும் முடியாது. யார் பார்த்தார்கள், யாருக்குப் புரிந்தது என்று தெரிந்துகொள்ள எங்களிடம் வழியும் இல்லை. கைப்பேசி இருந்த வீட்டிலும் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாக அறிவித்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி ஒன்று வரவில்லை. எங்கள் ஆசிரியைகள் சிலர் தங்கள் காசில் பெற்றோருக்கு ரீசார்ஜ் செய்துவிட்டார்கள். இதை எந்தக் கோப்பிலும் பார்க்க மாட்டீர்கள்.

மாறாக, மேலிருந்து எங்களுக்கு வந்தவை கூகுள் படிவங்கள். எத்தனை பிள்ளையிடம் ஸ்மார்ட்ஃபோன், எத்தனை பிள்ளையிடம் சாதா ஃபோன், எத்தனை வீட்டில் கேபிள், எத்தனை வீட்டில் டிஷ். காலையில் வரும், மாலை நான்கு மணிக்குள் வேண்டும், தலைப்பில் "மிக மிக அவசரம்" என்று இருக்கும். அடுத்த வாரம் அதே கேள்விகள் வேறு வரிசையில் வரும். அந்தத் தகவலால் எந்தப் பிள்ளைக்கு எது கிடைத்தது என்று எங்களுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. உங்களுக்கும் மேலே ஒருவர் கேட்டிருப்பார், அது புரிகிறது. நிலையாணையில் இதற்கும் ஒரு வரி வேண்டும்: பிள்ளைக்குக் கொடுக்கப்போகும் ஒன்றுக்காக அன்றி மூடிய காலத்தில் பள்ளியிடம் புள்ளிவிவரம் கேட்கக் கூடாது.

பலன் கொடுத்தது எது என்று கேட்டால், வகுப்பாசிரியை வாரம் ஒருமுறை செய்த ஃபோன்தான் என்பேன். பாடம் நடத்தக்கூட இல்லை. "சாப்பிட்டியாடா? அம்மா எங்கே? என்ன பண்றே?" அவ்வளவுதான். அப்படிக் கேட்டதில்தான் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு நிச்சயம் நடக்கப்போவது தெரியவந்தது. அவள் சொல்லவில்லை, அவள் தோழியிடம் பேசும்போது வாய்தவறி வந்தது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னோம், நின்றது. பள்ளி நடந்திருந்தால் இரண்டு நாள் அவள் வராதபோதே தெரிந்திருக்கும். மூடிய பள்ளியில் வருகைப்பதிவேடு இல்லை. அந்த வார ஃபோன்தான் வருகைப்பதிவேடு. இதை ஆசிரியரின் நல்ல மனதுக்கு விட்டுவிடாதீர்கள். பணியாக எழுதுங்கள், பேசும் செலவைக் கொடுங்கள். ஃபோன் இல்லாத வீடுகளின் பட்டியலை எடுத்து, தெருவுக்கு ஒரு தன்னார்வலரைப் போடுங்கள். கோவிட் பணி என்று ஆசிரியர்களை வேறு வேலைக்கு இழுக்கும்போது வகுப்புக்கு ஒருவராவது இதற்கென்று மிச்சம் இருக்க வேண்டும்.

அதிலும் எட்டு முடித்து ஒன்பதுக்குப் போக வேண்டிய பிள்ளைகளைக் கவனியுங்கள். எங்கள் பகுதியில் கண்ணில் படாமல் போனவர்களில் அவர்கள்தான் அதிகம். எங்கள் பதிவேட்டில் தேர்ச்சி என்று எழுதிவிட்டோம், அவர்கள் எங்கள் பிள்ளைகள் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கை இன்னும் தொடங்கவில்லை, அங்கேயும் அவர்கள் இல்லை. இந்த இடைவெளியில் பையன்கள் லோடு வண்டியில் ஏறிவிட்டார்கள், பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். அடுத்த பள்ளி பெயரை ஏற்றுக்கொண்டு ரசீது கொடுக்கும் வரை பழைய பள்ளிதான் பொறுப்பு என்று ஒரு விதி போட்டால் போதும், காசு செலவே கிடையாது.

தனியார் பள்ளிக் குடும்பங்களை மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வேன் டிரைவர், ஜவுளிக்கடைக்காரர், சின்ன ஹோட்டல் வைத்திருந்தவர் என்று கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் கட்டணத்தில் 75 சதவீதம் வரை வாங்கலாம், அதில் 40 சதவீதம் முதலில், 35 சதவீதம் பள்ளி திறந்த பிறகு என்று வரையறுத்தது. அதையும் கட்ட முடியாதவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் கிடைக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சான்றிதழ் தாமதம் என்பதைக் காரணமாகக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது, சில தலைமையாசிரியர்களுக்கே தெரியாது. மூடும் உத்தரவோடு இதையும் அச்சடித்து ஒட்டுங்கள்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் நடந்த இயன்முறைப் பயிற்சி நின்றபோது, மாதங்களாகச் சிறிது சிறிதாக நிமிர்ந்த முதுகும் கையும் பழையபடி மடங்கின. வளரிளம் பெண்களுக்குப் பள்ளி வழியாக வந்த புதுயுகம் நாப்கினும் நின்றது. இந்த இரண்டையும் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஒன்று சிலருக்கு மட்டும் நேர்ந்தது, மற்றொன்று ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எழுப்பக் கூச்சமான பேச்சு. நாப்கின் அரிசிப் பையோடு போகட்டும். பயிற்சிக்குச் சிறப்பாசிரியர் வீட்டுக்குப் போகட்டும், முகக்கவசத்தோடு. 2021 மே மாதம், கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 லட்சம் என்று அரசு அறிவித்தது பெரிய காரியம். அந்தப் பிள்ளைகளை அலுவலகம் தேடி அலைந்தபோது எங்கள் ஊரில் கண்டுபிடித்துச் சொன்னது வகுப்பாசிரியைகளின் அதே ஃபோன்தான்.

உருப்படியாகச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அப்படி ஒன்று. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஊர்ப் பெண்கள், பெரும்பாலும் படித்துவிட்டு வீட்டோடு இருந்தவர்கள், மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், மீண்டதில் ஏறக்குறைய கால் பங்குக்கு இந்தத் திட்டமே காரணம் என்றும் சொல்கிறது. நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். என் கேள்வி ஒன்றே: அந்தத் தன்னார்வலர்கள் 2020-லும் அதே ஊரில், அதே வீட்டில்தான் இருந்தார்கள். ஆறேழு பிள்ளைகளை மரத்தடியில் இடைவெளி விட்டு உட்கார வைக்க, முதல் அலை தணிந்த பிறகும் ஓர் ஆண்டுக்கு மேல் ஏன் காத்திருந்தோம்? அவர்களின் பட்டியல் இன்னும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும். அழிக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வையுங்கள். அடுத்த மூடலின் இரண்டாம் வாரம் அவர்களைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். அரிசியும் முட்டையும் எப்படியும் வரவு செலவுத் திட்டத்தில் இருப்பவை. பள்ளி மூடியதால் அந்தப் பணம் தீர்ந்துபோவதில்லை. கூடுதலாக வேண்டியது பையும், வண்டி வாடகையும், ஃபோன் செலவும். அதைப் பள்ளி மானியத்திலிருந்து மேல் அனுமதி கேட்காமல் எடுக்கத் தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிக்கும் சேர்ந்து அதிகாரம் கொடுங்கள். குழுவை 2022-இல் புதுப்பித்து, தாய்மார்களைத் தலைவிகளாக்கிக் கூட்டத்துக்கு வரவழைத்தோம். கையெழுத்து வாங்கவும் டீ கொடுக்கவும் மட்டுமா அவர்கள்? எந்த வீட்டுக்கு முதலில் பை போக வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள், மாவட்டத் தலைநகரில் யாருக்கும் தெரியாத பதிலைச் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூனில் பள்ளி திறந்த முதல் மாதக் கூட்டத்தில், இந்த நிலையாணையை வாசித்துக் காட்டி, ஃபோன் எண்களையும் முகவரிகளையும் சரிபார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வரைவு தயாரானால், சென்னையிலிருந்து ஒப்புதல் வரட்டும் என்று வைத்துக்கொண்டிருக்காமல், உங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு ஒன்றியத்தில் ஒத்திகை பாருங்கள். மழை விடுமுறை விடும் ஒரு நாள் போதும். அன்று காலை பத்து மணிக்குள் எந்தக் கிடங்கைத் திறக்க முடிகிறது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை அமைப்பாளர்கள் ஃபோனை எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எழுதிக்கொடுக்கவும் திருத்தவும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் எங்களைப் போல் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் இருக்கிறோம். மதிப்பூதியம் வேண்டாம். கூட்டத்தை மட்டும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருத்தி